கண்ணுக்குப் போகாத வேர்

அக்காவுக்கு ஒரு கண்தான். இடது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. சோளம் அறுத்த காட்டில் ஓடி விழுந்ததில் தட்டையின் அடிக்கட்டை குத்திவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். நான் அப்போது பிறக்கவில்லை. எனக்குத் தெரிந்த அக்கா எப்போதும் முகத்தைச் சற்று இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு வலது கண்ணால் பார்க்கிறவள். அவளோடு நடக்கிறவர்கள் வலப்பக்கம்தான் நடக்க வேண்டும். மறந்து இடப்பக்கம் வந்துவிட்டால், "எங்கடா போய்த் தொலஞ்ச?" என்று கூப்பிடுவாள்.

பல்வலி வந்ததும் அந்த வலப்பக்கத்தில்தான். மேல்வரிசையில், கடவாய்ப் பல்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாருக்குப் போனது என்று கேட்டால் தேவாரம் ஊரில் ஒருத்தருக்குப் போனது என்பார்கள். தேவாரத்தில் கேட்டால் வருசநாட்டில் ஒரு பொம்பளைக்கு என்பார்கள். நான் இரண்டு ஊரிலும் வேலை பார்த்திருக்கிறேன். பல்லால் கண் போன ஆளை எங்கேயும் பார்த்ததில்லை. இதை அக்காவிடம் சொன்னபோது, "நீ எந்த ஊர்ல ஒழுங்கா இருந்து பாத்த?" என்றாள். அது நியாயமான கேள்விதான்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஏலத்தோட்டம், லாரி, திருப்பூரில் சாயப்பட்டறை, லோயர் கேம்ப்பில் ஒரு டீக்கடை, மறுபடியும் ஏலத்தோட்டம். ஓரிடத்தில் ஆறு மாதம் தங்கினால் காலில் என்னவோ ஊரும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்கு வந்தால் அக்கா வீடு. அவள் வீட்டுக்காரர் இறந்து பல வருடம் ஆயிற்று. ஒரே மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிறாள்.

எங்கள் ஊர் கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில். அக்கா திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போனாள். திராட்சை வேலை அண்ணாந்தே பார்க்கிற வேலை. பந்தல் தலைக்கு மேலே இருக்கும். கொடியைக் கம்பியில் இழுத்துக் கட்ட வேண்டும், வேண்டாத தளிரைக் கிள்ள வேண்டும், பழம் வந்தபிறகு குலைக்குள் கத்தரிக்கோலை விட்டு அழுகினதை மட்டும் எடுக்க வேண்டும். கை மேலேயே நிற்கும், கண்ணும் மேலேயே நிற்கும். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்கிறாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். அந்தக் கண்ணும் மங்கினால் மறுநாள் யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

வலி தொடங்கின காலத்தில் மகள் வந்து வற்புறுத்திக் கம்பத்தில் ஒரு பல் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். பிடுங்கக் கூடாது என்று அக்கா வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறாள். பிடுங்க வேண்டாம், வேரைச் சுத்தம் செய்து உள்ளே மருந்து வைத்து அடைத்துவிடலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்படியே அடைத்து மேலே ஒரு உறையும் மாட்டிவிட்டார். கொஞ்ச காலம் வலி இல்லை. அப்புறம் வந்தது.

பல் சரியானதோ இல்லையோ, அந்த வேர் என்ற சொல் அக்காவிடம் தங்கிவிட்டது. அதுவரை மேல்பல்லுக்கும் கண்ணுக்கும் ஏதோ நரம்பு போகிறது என்று மட்டும் நினைத்திருந்தவள், இப்போது வேர் போகிறது என்று முடிவு செய்துகொண்டாள். அவளுக்கு வேரைப் பற்றித் தெரியும். ஒருமுறை தோட்டத்தில் வயதான கொடிகளை எடுத்துவிட்டுப் புதிதாக நட்டார்கள். அடியில் கயிறு கட்டி டிராக்டரால் இழுத்தபோது, ஒரு கொடியின் வேர் மண்ணுக்குள் எங்கேயோ ஓடிப்போய் பந்தலின் நாலு கல்தூண் தாண்டி இருந்த நல்ல கொடியைப் பின்னியிருந்தது. இரண்டும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்தன. அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இந்தப் பல்லு எனக்கு ஏழெட்டு வயசுல மொளச்சது," என்று என்னிடம் சொன்னாள். "இப்ப என் வயசு என்ன? இத்தனை வருசத்துல வேரு எம்புட்டு ஓடியிருக்கும்? கண்ணைச் சுத்திப் பின்னித்தான் கெடக்கும். இதைப் புடுங்குனா அதுவும் சேந்து வரும்."

"பல்லு என்ன திராட்சைக் கொடியா?"

"வேருன்னு டாக்டருதான சொன்னாக? நானா சொன்னேன்?"

பல்லின் வேர் எவ்வளவு நீளம் என்று எனக்கும் தெரியாது.

வலிக்குச் 'செட்டு' போட்டுக்கொண்டாள். மருந்துக்கடையில் பல்வலி என்று சொன்னால் வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, ரோஸ் கலரில் சின்னதாக ஒன்று என்று ஒரு வேளைக்கு வெட்டி ஒரு தாளில் மடித்துத் தருவார்கள். அதற்குப் பெயர் செட்டு. கைகால் உளைச்சலுக்கு ஒரு செட்டு, காய்ச்சலுக்கு ஒரு செட்டு, பல்லுக்கு ஒரு செட்டு. மாத்திரையின் பெயர் வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. தோட்டத்தில் பாதிப் பெண்களின் சுருக்குப் பையில் ஏதாவது ஒரு செட்டு இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்து வேனில் ஏறும்போது அக்கா, "கம்பத்துல எறக்கிவிடுங்க, செட்டு வாங்கணும்," என்பாள்.

"எந்தச் செட்டுக்கா? மாத்திரை செட்டா, பல்லு செட்டா?" என்று ஒருத்தி கேட்பாளாம்.

"உனக்குத்தான்டி பல்லு செட்டு வாங்கப் போறேன். ஒம் மாமியாவை அதை வச்சுக் கடி."

வேனே சிரிக்கும் என்று அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் ஊருக்கு வந்துபோன ஒவ்வொரு முறையும் அவள் அப்படித்தான் இருந்தாள். கன்னத்தில் ஒரு கை, வாயின் இடப்பக்கத்தில் சோறு. அது அவளுடைய வழக்கம் என்றே ஆகிவிட்டது. செட்டும் அப்படித்தான். அதை அவள் மருந்தாக எண்ணவில்லை. வெற்றிலை போடுகிறவர்கள் வெற்றிலையைச் சாப்பாட்டில் சேர்க்காத மாதிரி.

மழை இல்லாத போன வருடம் ஏலத்தோட்டத்தில் வேலை நின்றுபோனது. குமுளி வழியாக இறங்கி மத்தியானம் ஊருக்கு வந்தேன். வீட்டுக் கதவு திறந்திருந்தது. அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தரையைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"நான்தான்."

"வந்துட்டியா. அங்கன தீப்பெட்டி கெடக்கா பாரு."

தீப்பெட்டி அவள் முழங்காலுக்கு முன்னால் கிடந்தது. நிமிர்ந்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன். வலது கன்னம் வீங்கி, வீக்கம் மேலே ஏறி, இமை இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. நல்ல கண் மூடியிருந்தது. மற்ற கண் எப்போதும் போலத் திறந்திருந்தது. அதில் ஒன்றும் இல்லை.

"எப்ப இருந்து?"

"நேத்துக் காலைல இருந்து. வெளிச்சம் மட்டும் செவப்பாத் தெரியுது." பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "புடுங்காமயே போயிருச்சு பாத்தியா."

அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. தீப்பெட்டியைக் கையில் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

தேனிக்குக் கூட்டிப்போனேன். பல் மருத்துவர் ஒரு பெண். போடிப் பக்கத்துக்காரர், எங்கள் பேச்சையே பேசினார். இமையை மெதுவாகப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணுக்கு ஒண்ணும் ஆகலைக்கா. கீழ இருக்குற சீழு வீக்கம்தான் மேல தள்ளி மூடியிருக்கு," என்றார். அக்கா அதை நம்பவில்லை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருக்கிறதா, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். "ஒண்ணுமில்ல," என்றாள் அக்கா. பொய் சொல்லவில்லை. அவள் மனதில் அதுதான் உண்மை. எந்த நோய்க்கும் அவள் எந்த டாக்டரிடமும் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டதில்லை.

சீழை வடித்து, ஊசி போட்டு அனுப்பினார். நாலைந்து நாளில் வீக்கம் வடிந்து கண் திறந்தது. திறந்த அன்றைக்கு வாசலில் நின்று வெகுநேரம் எதிர்த்த மலையையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "என்னடா இப்படிக் கறுத்துப் போயிருக்க?" என்றாள்.

மறுபடி போனபோது மருத்துவர் வாய்க்குள் ஒரு சின்னத் தகட்டை வைத்து எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் பழைய அடைப்பு வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தது. எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருந்தது. அவர் திருப்தி அடையவில்லை. தன் கையை எங்கள் முன்னால் நீட்டி மூன்று விரலைக் காட்டினார்.

"இப்ப எத்தனை தெரியுது?"

"மூணு," என்றேன்.

கையைப் பக்கவாட்டில் திருப்பினார். நடுவிரலுக்குப் பின்னால் இன்னொரு விரலை மடக்கி ஒளித்துவைத்திருந்தார். "சாதா எக்ஸ்ரே நெழல் மாதிரி. முன்னாடி உள்ளது பின்னாடி உள்ளதை மறைச்சிரும். சுத்தி வந்து பாத்தாத்தான் தெரியும். த்ரீ டி ஸ்கேன் ஒண்ணு எடுத்துருவோம். மேல்தாடை முழுசா, கண்ணுக்குக் கீழ வரைக்கும்."

எனக்கு அது உடனே புரிந்தது. தேனியில் நின்று மேற்கே பார்த்தால் ஒரே மலைதான் சுவர் போலத் தெரியும். நடந்து உள்ளே போனவனுக்குத்தான் அது எத்தனை மலை, நடுவில் எத்தனை பள்ளம் என்பது தெரியும். அக்கா வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு வரைக்கும் எதுக்கு? அப்ப வேரு அங்கன வரைக்கும் போயிருக்கா?"

"அதைப் பாக்கத்தான்க்கா எடுக்கச் சொல்றேன்."

"பாத்துட்டுப் புடுங்கணும்பீக."

"பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. நான் தொடமாட்டேன்."

ஸ்கேன் எடுக்கும் இடம் பக்கத்துத் தெருவில் மாடியில் இருந்தது. அங்கே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். உலோகம் இருந்தால் படத்தில் கோடு கோடாக விழுமாம். தோடு வந்துவிட்டது. மூக்குத்தி வரவில்லை. குத்தின நாளில் இருந்து கழற்றாத திருகு. அந்தப் பெண் எங்கிருந்தோ தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவித் திருகினாள்.

"வலிக்குதாம்மா?"

"பல்லு வலிக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு வலியா தாயி. நல்லா முறுக்கு."

திருகு கழன்றது. மூக்குத்தியை என் கையில் கொடுத்தாள். அது இல்லாமல் அக்காவின் முகம் வேறு யாருடைய முகம் போலவோ இருந்தது.

ஸ்கேன் என்றதும் படுக்கவைத்துக் குகைக்குள் தள்ளுவார்கள் என்று நினைத்திருந்தேன். இது நின்றுகொண்டே எடுப்பது. ஒரு தூணில் முகவாயை வைக்க ஒரு தட்டு, முன்பல்லால் கடித்துக்கொள்ள ஒரு குச்சி, நெற்றியைப் பிடிக்க இரண்டு பக்கமும் கை மாதிரி ஒன்று. தலையைச் சுற்றி வருவதற்கு மேலே ஒரு வளைந்த கரம்.

"அசையக் கூடாதும்மா. எச்சி முழுங்கக் கூடாது. மெசின் ஒருதரம் ஒங்க தலையைச் சுத்தி வரும். அம்புட்டுத்தான்."

"சாமியா நானு, சுத்தி வர?" என்றாள் அக்கா, குச்சியைக் கடித்துக்கொண்டே.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்து மறுபடியும் எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. பிறகு என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கரம் மெதுவாக அக்காவின் தலையைச் சுற்றியது. என்னால் அப்படி நிற்க முடிந்திருக்காது. அக்கா கல்தூண் மாதிரி நின்றாள். பந்தலுக்கு அடியில் பழகின கழுத்து. வெளியே வந்ததும், "ஒருதரம் எடுத்ததுலயே சரியா விழுந்துருச்சு. எல்லாரும் ஆட்டிருவாக," என்று அந்தப் பெண் பாராட்டினாள்.

மருத்துவர் தன் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். சாம்பல் நிறத்தில் அக்காவின் மேல்தாடை. அவர் விரலால் உருட்ட உருட்ட, வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக நறுக்கிக் காட்டுவது போல ஒவ்வொரு தளமாக மாறிக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்தப் பல்லுக்கு வேரு மூணு. அதுக்குள்ள ஓட்டை நாலு. மூணுல மருந்து இருக்கு, வெள்ளையாத் தெரியுதா? நாலாவதைப் பாருங்க. கறுப்பா வெறுமையா இருக்கு. ஒளிஞ்சிருந்ததால முன்னாடி பாத்தவங்களுக்குத் தெரியலை. அது வழியாத்தான் இத்தனை வருசமும் சீழு பிடிச்சிருக்கு. இப்ப வேரும் நெட்டுக்குக் கீறிப் போச்சு. சுத்தி எலும்பு கரைஞ்சு கெடக்கு. இதை வச்சிருக்க முடியாதுக்கா."

அக்கா அதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோயிருந்தாள்.

"வேரு எது?"

காட்டினார்.

"இதுவா? இதுக்கு மேல?"

"இதுக்கு மேல வேரு இல்லைக்கா. முடிஞ்சு போச்சு."

"இம்புட்டுத்தானா?"

நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு இருந்தது. நுனி கொஞ்சம் வளைந்திருந்தது. அதற்கு மேலே மெல்லிய எலும்பு, அதற்கு மேலே காற்று நிற்கிற ஒரு அறை, அதற்கும் மேலேதான் கண் இருக்கிற குழியின் தரை. மருத்துவர் வேரின் நுனிக்கும் அந்தத் தரைக்கும் நடுவே ஒரு கோடு இழுத்தார். இரண்டு விரல் அகலம் இருக்கும் என்று கையால் காட்டினார்.

"வளராதா இது?"

"பல்லு மொளச்சு முடிஞ்சதும் வேரும் நின்னுரும். செடி இல்லைக்கா இது. பேருதான் வேரு."

அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "அந்த டாக்டரு வேருன்னு மட்டும்தான சொன்னாக," என்றாள். "வளராத வேருன்னு சொல்லலையே."

பிறகு திரையில் மேலே தெரிந்த இரண்டு கறுப்பு வளைவுகளைக் காட்டி, "இது ரெண்டும் என்ன?" என்று கேட்டாள்.

"கண்ணு இருக்குற குழி. அதோட அடிப்பக்கம்."

"இதுதான எனக்குப் பார்வை உள்ளது?" வலப்பக்கத்தில் இருந்ததைத் தொட்டாள்.

"இல்லக்கா. படத்துல உங்க வலது பக்கம் நமக்கு இடது பக்கமாத் தெரியும். நீங்க தொட்டது மத்தது."

அக்கா கையை எடுத்துவிட்டாள். அதை வெகுநேரம் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணு போல இருக்கே ஆத்தா. கண்ணைக் காணோமே."

"இதுல எலும்புதான் விழும். கண்ணு விழாது."

"இதுல ஊனக் கண்ணும் நல்ல கண்ணும் ஒண்ணுதான்னு சொல்லு," என்றாள். மருத்துவர் பதிலுக்குச் சிரிக்கப் போனார், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எடுத்துருங்க," என்றாள் அக்கா. "இன்னைக்கே எடுத்துருங்க."

எத்தனையோ வருடமாக யார் சொல்லியும் நடக்காத விஷயம். ஒரு படத்தைப் பார்த்த கொஞ்ச நேரத்தில் நடந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், இனி மலைக்குக் கிளம்பலாம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

பல் எடுப்பதற்கு முன் ரத்தக் கொதிப்பு பார்த்தார்கள். அந்தக் கருவியை அவிழ்த்து மறுபடி கட்டிப் பார்த்தார்கள். மருத்துவர் வந்து தானே ஒருமுறை பார்த்தார். "கொதிப்பு ரொம்ப ஏறியிருக்கு, இன்னைக்கு எடுக்க வேண்டாம்," என்றார். கீழே பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுக்கச் சொன்னார். சாயங்காலம் அந்தத் தாளை வாங்கி மேலே கொண்டுபோனது நான்தான். அதில் இருந்தது எனக்குப் படிக்கத் தெரியவில்லை. மருத்துவர் படித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்.

"வலிக்கு என்ன மாத்திரை போடுவீக?"

"மாத்திரை எல்லாம் இல்ல தாயி. செட்டு போடுவேன்."

"செட்டா?"

அக்கா இடுப்பில் இருந்த சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு மடிப்பை எடுத்துக் கொடுத்தாள். மருத்துவர் மேஜை மேல் விரித்தார். வெள்ளை, மஞ்சள், ரோஸ். வெள்ளையை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்தார்.

"எத்தனை நாளா?"

"வலிக்கிறப்பல்லாம்தான்."

"தினமுமா?"

"வலி தெனமும்தான இருக்கு?" அக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "என்னடா, இந்தப் பிள்ளை ஏன் இப்படிப் பாக்குது?"

அக்காவின் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப் போயிருந்தன. அவர் எங்களை அனுப்பிவைத்த அரசு மருத்துவமனையில் அதைத்தான் சொன்னார்கள். வலி மாத்திரையை நெடுநாள் தினமும் விழுங்கினால் அப்படி ஆகும் என்றார்கள். இரண்டும் ஒரே மாதிரி சின்னதாகிவிட்டன, திரும்பி வராது என்றார்கள். சொன்னவர் கெட்டவர் இல்லை. பின்னால் பெரிய வரிசை நின்றது. சீக்கிரம் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா என்னிடம், "பல்லுக்கு வந்தோம். இவக எதுக்கு வயித்தைப் பத்திப் பேசுறாக?" என்று கேட்டாள். நான் விளக்கினேன். இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை அவள் நடுவிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"செட்டா?" என்றாள்.

"ஆமா."

"பல்லைப் புடுங்கியிருந்தா செட்டு வேண்டியிருந்திருக்காது."

"ஆமா."

மகள் வந்தாள். தன்னுடைய சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்று சொல்லி அழுதாள். அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை. "ஒனக்குச் சின்னப் புள்ளைக இருக்கு. எந்திரிச்சுப் போடி," என்றாள். டயாலிசிஸ் தொடங்கினார்கள். அதன் ஊசி ஏற்றுவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, அடிபடக் கூடாது. தோட்ட வேலை முடிந்தது. வேனில் ஏறும் பெண்கள் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வந்தவர்களில் ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் பையில் இருந்த மடிப்பை எடுத்துக் காட்டி, "தம்பி, இதுலயும் அந்த வெள்ளை இருக்கா பாரு," என்றாள். இருந்தது. அவள் அதைக் கீழே போடவில்லை. மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டாள். மறுநாளும் அவள் அண்ணாந்து நிற்க வேண்டும்.

ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் வந்தபிறகு பல்லை எடுத்தார்கள். எடுக்கும்போது அக்கா வலது கண்ணைத் திறந்தே வைத்திருந்தாளாம். மூடச் சொன்னதற்கு மாட்டேன் என்றிருக்கிறாள். வெளியே வந்தபோது வாயில் பஞ்சைக் கடித்திருந்தாள், பேச முடியவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். தெரிகிறது.

பல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வா என்று கையைக் காட்டினாள்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் தேனிக்குப் போய் வருகிறோம். நான் எங்கேயும் போகவில்லை. கம்பத்தில் ஒரு கடையில் மூட்டை இறக்குகிறேன், அந்த இரண்டு நாள் விடுப்பு. போய்விடலாம் என்று தோன்றுகிற நாட்கள் உண்டு. போகவில்லை, அவ்வளவுதான்.

டயாலிசிஸில் அக்கா ஊசிக்குப் பயப்படவில்லை, படுத்துக் கிடப்பதற்கும் சலிக்கவில்லை. அவளால் தாங்க முடியாதது ஒன்றுதான். தண்ணீர். ஒரு நாளைக்குக் குடிக்க ஒரு அளவு கொடுத்திருக்கிறார்கள். காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவேன். குழம்பு, காப்பி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மத்தியானத்துக்குள் பாட்டிலைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துக்கொள்வாள். ஒருநாள் மடக்கென்று ஒரு சொம்பு குடித்துவிட்டாள். மறுநாள் மூச்சு முட்டி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்குப் பிறகு குடிக்கவில்லை. கேட்பதுமில்லை.

போன மாதம் நெல் நடவு நேரம். லோயர் கேம்ப்பில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். பஸ் உத்தமபாளையம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது. வாய்க்கால் தளும்பி ஓடியது. சின்னமனூர் வரைக்கும் அப்படித்தான். வெயில் அதில் பட்டு பஸ்ஸுக்குள் கூரையில் எல்லாம் ஆடியது. வரப்பில் நின்ற ஒரு பெண் குனிந்து இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

அக்கா வலப்பக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தாள். உதடு வெடித்திருந்தது. நாக்கால் ஒருமுறை தடவினாள். நாக்கிலும் ஈரம் இல்லை.

"நல்லாத் தெரியுதுடா," என்றாள்.

"என்னக்கா?"

"கண்ணு. மூலைல நிக்கிற கொக்குகூடத் தெரியுது." பிறகு கம்பியை விட்டுவிட்டுச் சேலை முந்தானையை இழுத்து வலது கண்ணின் மேல் வைத்துக்கொண்டாள். "இந்த ரோட்டுல வரப்ப மட்டும் தெரியாம இருந்தா நல்லாருக்கும்," என்றாள்.

நான் எழுந்து அவளை உள்ளே நகரச் சொன்னேன். ஜன்னல் ஓரத்தில், அவளுடைய வலப்பக்கத்தில், நான் உட்கார்ந்துகொண்டேன்.